நட்சத்திரம் கட்டாத வீடு

டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் ஸ்டார் கட்டிக் கொடுப்பது என் வேலை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் எலெக்ட்ரிக்கல் பிரிவில் இருக்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில். வயரை எந்தப் பக்கம் இழுப்பது, மழை பட்டால் என்ன செய்வது என்று என்னிடம்தான் கேட்பார்கள். இந்த டிசம்பரில் நான் ஸ்டார் கட்டிய வீடு எதுவும் கிறிஸ்தவ வீடு இல்லை. அவர்கள் சொன்ன காரணங்கள்: பிள்ளை அடம் பிடிக்கிறது, கார்த்திகைக்குப் போட்ட சீரியல் பல்பு இன்னும் கிடக்கிறது, பக்கத்து வீட்டில் போட்டுவிட்டார்கள். பெத்லகேம் யார் வாயிலும் வரவில்லை. கீழே மார்கழிக் கோலமும் பூசணிப்பூவும், மேலே ஸ்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தெருவில் ஒரே கிறிஸ்தவ வீடு எங்களுடையது. அங்கே ஸ்டார் இல்லை. சித்திரையில் அப்பா இறந்துபோனார். துக்கம் நடந்த வருஷம் நாங்கள் ஸ்டார் கட்டுவதில்லை.

அம்மாவுக்கு இந்தப் பண்டிகையில் வேண்டியிருந்தது ஒன்றுதான்: கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் வருகிற சபைக்காரர்கள் அப்பா இல்லாத வீட்டில் ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு அதில்தான் கவலை. சபையில் பழைய ஆட்கள் ஒதுங்கி, இந்த வருஷம் இளைஞர்களிடம் பொறுப்பை விட்டிருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் தெரு பழக்கமில்லை. ஸ்டாரைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். அடையாளத்துக்குச் சின்னதாக ஒன்று கட்டிவிடலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. போன் பண்ணிச் சொல்லவா என்றேன்.

"கூப்பிட்டு வர வைக்கதுக்கு அது என்ன கேஸ் சிலிண்டரா? அவியளா வரட்டும்."

சுக்குக் காப்பி போட்டு பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததிலிருந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தாள்.

லோடு ஆட்டோவில் வந்தார்கள். நான் பயந்தபடியே எங்கள் வாசலைத் தாண்டி எதிர்வீட்டில் போய் நின்றார்கள். தெருவிலேயே பெரிய ஸ்டார் அங்கேதான், நான் கட்டியது. அந்த வீட்டு அத்தை ராஜபாளையத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அம்மாவை அண்ணி என்பதற்கு வதினா என்றுதான் கூப்பிடுவார். அவர் எதுவும் கேட்காமல் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். டிரம் அடித்தார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா ஆடினார், தெருப் பிள்ளைகள் மிட்டாய்க்கு முண்டின. நான் வெளியே போகக் கிளம்பியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தானே என்றாள். பிறகு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

ஆட்டோவைக் கிளப்பும் சத்தத்தோடு அத்தையின் குரலும் கேட்டது.

"ஏம்ப்பா, எதுத்த வீட்டுக்குப் போகலையா?"

"அங்க ஸ்டார் இல்லையேக்கா."

"நல்லா ஆளு பாத்தீய போங்க. ஸ்டார் போட்ட நாங்க மார்கழிக்கு ஆண்டாளக் கும்பிடுற ஆளுக. உங்க ஆளு அந்த வதினாதான். அண்ணன் தவறி இன்னும் வருசம் திரும்பல. எறங்கி வாங்க."

அத்தையே முன்னால் நடந்து கூட்டிவந்தார். டிரம்மை வாசலிலேயே வைத்துவிட்டார்கள். தாத்தா வேஷம் போட்டவர் முகமூடியைக் கழற்றினார். என் வயதுதான் இருக்கும். ஜெபம் செய்யச் சொல்லி மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். கண்ணை மூடியவர் மறுபடி திறந்து, தயங்கிக் கேட்டார்.

"அங்கிள் பேரு என்ன ஆன்ட்டி?"

பழைய ஆட்கள் என்றால் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பாவோடு சேர்ந்து பாடியவர்கள். நான் வாயெடுப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள், இனிஷியலோடு. அப்பாவின் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் என்னைத்தான் சொல்லச் சொல்வாள்.

அவர் அதே இனிஷியலோடு அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அத்தை எங்கள் பக்கத்தில் கைகூப்பி நின்றார். எல்லாரும் ஆமென் சொன்னபோது அம்மா மட்டும் சொல்லவில்லை. அப்பாவின் பெயரை இன்னொரு தடவை, மெதுவாக, சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.