சொந்த ஊரில் கட்டிய சிவப்பு ரிப்பன்

எண்பதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம் நடந்தது இது. ஏற்காட்டிலிருந்து வாழவந்திக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, காப்பித் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர் வரும். அங்கே பண்டிகைக்குக் கபடிப் போட்டி வைத்திருந்தார்கள். அப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் லெஃப்ட் கார்னரில் நின்று பிடிக்கிற ஆள். ரெய்டு வருகிறவன் காலைப் பிடித்தால் விடமாட்டேன் என்று பெயர். பெயர் இருந்ததே தவிர, சொந்தமாக ஒரு டீம் இருந்ததில்லை. சேலத்தில் ஒரு மில் டீம், அப்புறம் ஒரு பஸ் கம்பெனி டீம், அடிவாரத்தில் லாரிப் பட்டறைக்காரர்கள் டீம், ராசிபுரம் பக்கம் ஒன்று, தர்மபுரி பக்கம் ஒன்று என்று யார் கூப்பிட்டாலும் போய் ஆடினேன். எங்கேயாவது ஒரு கார்னர் ஆளுக்கு அடிபட்டால் என்னைக் கூப்பிட ஆள் வரும். அவனுக்குக் கால் சரியானதும் என்னைப் பஸ் ஏற்றிவிடுவார்கள். மில்லில் மட்டும் இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரம் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காலேஜ் பையன்கள் நாலு பேர் வந்து சேர்ந்ததும், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை யாரும் சொல்லி அனுப்பவில்லை.

எனக்கென்று தைத்த பனியனை நான் போட்டதே கிடையாது. எப்போதும் அடிபட்டுப் படுத்திருப்பவனுடைய பனியன்தான். ஒன்று தொடைவரை தொங்கும், இல்லாவிட்டால் தொப்புள் தெரியும். எங்கள் ஊர்ப் பையன்கள் எனக்கு வைத்த பெயர் வாடகை சைக்கிள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய் மிதித்துவிட்டுத் திருப்பி விடலாமாம். சொன்னவர்களில் பாதிப் பேர் அடிவாரத்தைத் தாண்டி ஒரு போட்டிக்கும் போனதில்லை. அதனால் நான் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் எனக்குக் கோபம் வரும். நன்றாகவே வரும்.

அந்த வருடம் மில்லும் இல்லை, வேறு டீமும் இல்லை. எஸ்டேட்டில் காப்பிச் செடிகளைக் கழிக்கிற கவாத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வழியாக நம் ஊர் டீமிலேயே ஆடலாம் என்று சந்தோஷமாக இருந்தேன். எங்கள் டீமுக்குக் கேப்டன் என் பெரியப்பா மகன். சின்ன வயதில் இரண்டு பேரும் எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் களத்தில் ஆடிப் பழகியவர்கள். போட்டிக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உனக்கும் வயசாச்சு. பசங்க ஆடட்டும். நீ தண்ணி கிண்ணி குடுத்துக்கிட்டு ஒத்தாசையா இரு" என்றார்.

அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் ஆடப் போகிறார். வயது எனக்கு மட்டும்தான் ஏறியது போலிருக்கிறது.

"நானு என்னங்கண்ணா தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்டேன்.

"ஊரூராப் போயி ஆடுனவன் நீ. பசங்க ஒப்ப மாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அரையிறுதி முடிந்தது. எங்கள் ஊர் டீமும் பக்கத்து ஊரான நாகலூர் டீமும் ஃபைனலுக்கு வந்திருந்தன. நான் வீட்டில்தான் இருந்தேன். தண்ணீர் கொடுக்கப் போக என்னால் முடியாது. அப்போது நாகலூர் கேப்டன் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்கண்ணா, எங்க லெஃப்ட் கார்னர் பையனுக்குக் கால் பிசகிப் போச்சுங்க. நீங்க வந்து நின்னீங்கன்னா நொம்ப ஒத்தாசையா இருக்கும்" என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஒரு டீமுக்கு இரண்டு வெளியாட்கள் ஆடலாம். ஆனால் வெளியாள் என்றால் கையில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் நடுக்கோட்டில் நின்று அந்தக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இவன் இந்த ஊர்க்காரன் இல்லை என்று கூட்டத்துக்குத் தெரிவதற்காக. எத்தனையோ ஊர்களில் தூக்கியிருக்கிறேன். சொந்த ஊரில் தூக்குவது என்பது வேறு. நான் யோசித்தபடி நின்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "என்னங்க ரோசன? ஊட்ல உக்காந்து பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கறதுக்குப் போயி அங்க ஆளப் புடிங்க" என்றாள். நாகலூர்க்காரர் கையிலிருந்த ரிப்பனை வாங்கி என் கையில் அவளே கட்டினாள். இறுக்கித்தான் கட்டினாள்.

மைதானத்துக்குள் நுழையும்போதே பெரியப்பா மகன் பார்த்துவிட்டார். நேராக என்னிடம் வந்தார்.

"இதக் கட்டிக்கிட்டு உள்ள வந்தீன்னா, இனி நம்ம டீம் பக்கமே வராத. நல்லா ரோசிச்சுக்கோ."

யோசிக்க ஒன்றுமில்லை. நடுக்கோட்டுக்குப் போய்க் கையைத் தூக்கினேன். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். "வாடகை சைக்கிள் வந்துருச்சுடோய்" என்று ஒரு குரல் கேட்டது. ஒரே சிரிப்பு. நான் கையை இறக்கவில்லை. நடுவர் போதும் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் தூக்கியபடியே நின்றேன்.

ஆட்டத்தைப் பற்றி நிறைய சொல்லலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். கடைசி ரெய்டு வரும்போது நாகலூர் ஒரே ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தது. நாகலூர் பக்கம் என்னையும் சேர்த்து மூன்று பேர் மிச்சம். ரெய்டுக்கு வந்தவர் பெரியப்பா மகன். ஒருவரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினால் சமம், இரண்டு பேரைத் தொட்டால் ஊர் டீமுக்குக் கப்பு.

அவர் திரும்பிப் போவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு இடது காலைப் பின்னால் வீசி உதைப்பார். நல்ல நல்ல ஆட்களே அதில் ஏமாந்திருக்கிறார்கள். காப்பிக் களத்தில் அந்த உதையை வாங்கி வாங்கித்தான் நான் பிடிக்கவே பழகினேன். அவர் மறந்திருந்தார் போல. நான் மறக்கவில்லை. முகம் திரும்பியது, கால் வந்தது, கணுக்காலைக் கட்டிக்கொண்டேன். மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனார். தரையில் மரத்தூளும் காப்பித் தோலும் கொட்டியிருந்தார்கள். என் கன்னம் அதில் தேய்ந்துகொண்டே போனது. சுண்டுவிரல் மடங்கிய சத்தம் எனக்கே கேட்டது. விடவில்லை. மற்ற இருவரும் மேலே வந்து விழுந்தார்கள். அவர் கை கோட்டுக்கு எட்டும் முன்பே, மூச்சு விடாமல் சொல்லிவந்த கபடிப் பாட்டு நின்றுபோனது. நடுவர் விசில் அடித்தார்.

நாகலூர்க்காரர்கள் குதித்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று என் மனைவி ஒருத்தி மட்டும் கை தட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தும் அவள் நிறுத்தவில்லை.

கப்பு வாங்கும்போது வெளியாட்கள் மேடை ஏறுவது வழக்கமில்லை. கப்பு அந்த ஊருக்குச் சொந்தம். நான் எப்போதும் போல ஓரமாக நின்றேன். ஆனால் நல்ல பிடிக்குத் தனியாக ஒரு பரிசு உண்டு. ஏற்காட்டில் மைக் செட் கடை வைத்திருந்த பாய்தான் அன்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அவருக்கு ஆட்களைத் தெரியாது.

"ரிப்பன் கட்டுன தம்பி மேல வாங்க. வெளியூர்லருந்து வந்து பிரமாதமா ஆடுனீங்க. எந்த ஊருங்க உங்களுக்கு?" என்று கேட்டு மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"இந்த ஊருதானுங்க பாய்" என்றேன்.

அவர் குழம்பிப்போய், "இந்த ஊர்க்காரருக்கு எதுக்குங்க ரிப்பனு?" என்றார்.

"எங்க ஊர் டீமு வேண்டான்னுச்சுங்க. நாகலூர்க்காரங்க வேணும்னாங்க. அவ்ளோதானுங்க."

மரத்துக்கு மரம் கட்டியிருந்த ஸ்பீக்கர் அத்தனையிலும் அது கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. பரிசாக ஒரு எவர்சில்வர் போசிப் பாத்திரம் கொடுத்தார்கள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரிப்பனை அவிழ்க்காமலே, ஊர் நடுத்தெரு வழியாக என் மனைவியோடு வீட்டுக்கு நடந்தேன். குறுக்குவழி இருக்கிறது. வேண்டுமென்றேதான் நடுத்தெருவில் போனேன்.

மறுநாள் காலையில் பெரியப்பா மகன் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். என் விரலைப் பார்த்தார்.

"அடுத்த வருசம் நம்ம டீம்ல கார்னர்ல நில்லு" என்றார்.

"நாகலூர்க்காரங்க முன்னாடியே கேட்டுப்புட்டாங்கண்ணா" என்றேன்.

பொய் இல்லை, கேட்டிருந்தார்கள். அடுத்த வருடமும் அதே மைதானத்தில் ரிப்பன் கட்டி நின்றேன். முதல் சுற்றிலேயே உதை வாங்கி வெளியே வந்தோம், அது வேறு கதை. முட்டி விட்டுப்போகும்வரை இன்னும் நாலைந்து டீம்களுக்கு ஆடினேன். ஒன்றில்கூட நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை.

சுண்டுவிரல் இன்றும் வளைந்தேதான் இருக்கிறது. எந்த டீமுக்கு ஆடினீர்கள் என்று யாராவது கேட்டால், கூப்பிட்ட டீமுக்கெல்லாம் ஆடினேன் என்று தலை நிமிர்ந்து சொல்வேன். ஆனால் நான் எந்த ஊர்க்காரன் என்பதை முடிவு செய்கிற உரிமையை எந்தக் கேப்டனுக்கும், எந்த ரிப்பனுக்கும் நான் கொடுத்ததில்லை.