ஈசானிய மூலையில் ஒரு குன்று

அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே ஒரு செம்மண் குன்றின் அடியில் மனை போட்டிருந்தார்கள். அங்கே எனக்குக் காவல் வேலை; தங்குவதற்கு ஒரு தகரக் கொட்டகை. எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவனுக்கு அது பெரிய பதவிதான். கூரை ஒழுகும், ஆனால் ஒரே இடத்தில்தான் ஒழுகும். அங்கே வாளியை வைத்துவிட்டால் குளிக்கத் தண்ணீர் ஆயிற்று.

குன்றை ஒட்டிய மனையில் ஓர் அக்கா வீடு கட்டினார். சித்தாளாக ஊரார் வீட்டுக்கெல்லாம் கல் சுமந்தவர், முதல்முறையாகத் தன் வீட்டுக்குச் சுமந்தார். கொத்தனார் வைத்த செங்கல் நூல் பிசகினால் பிடுங்கித் திரும்ப வைக்கச் சொல்வார்.

வாசக்கால் வைத்த அன்று வாஸ்துக்காரர் வந்தார். திசைகாட்டியைப் பார்த்தார், குன்றைப் பார்த்தார், முகம் சுளித்தார்.

"வடகிழக்குல இம்மாம் பாரம் கீதே! ஈசானியம் தாழ்வா இருக்கணும்மா. குன்ன கொஞ்சம் எடுத்துடு."

பீரோவை நகர்த்தச் சொல்வது போலச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அடிவாரத்து மண்ணைத் தானே வெட்டி எடுத்துக்கொள்வதாக ஜேசிபிக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். மனைகளுக்குக் கொட்ட அவருக்கு மண் வேண்டியிருந்தது. சரிவில் மண்டியிருந்த காரைமுள் புதரை அழிக்கும் வேலை எனக்கு வந்தது.

மலைப் பக்கம் சாலை வேலை பார்த்தவன் என்ற தைரியத்தில் வாயைத் திறந்தேன். "அக்கா, வேரையும் எடுத்து அடியையும் வெட்டிட்டா மழைக்கு மண்ணு நிக்காதுக்கா."

"உன் கொட்டாய் ஒழுகறத அடைக்கத் தெரியல, மலைக்கு வைத்தியம் சொல்றியா? கம்னு வெட்டுடா."

ஒழுகியது உண்மைதானே. வெட்டினேன்.

அக்கா குடி புகுந்தது ஐப்பசியில். அடைமழையின் மூன்றாம் நாள் காலை, குன்றின் உச்சியில் ஒரு நீள வெடிப்பைப் பார்த்தேன். அடியிலிருந்து செம்மண் குழம்பாகத் தண்ணீர் கசிந்தது. சாலை வேலையில் இதைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவோம். அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். புருஷன் வேலைக்குப் போயாகிவிட்டது.

"அக்கா, வெளிய வா! மலை வருது!"

"வரட்டும், ஒரு தோசை துன்னுட்டுப் போவட்டும்."

பேசி ஆகாது என்று தெரிந்தது. சாக்கைக் கையில் சுற்றித் தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அடப் பேமானி! சோத்துக்குத் திருடறியா!" கரண்டியோடு துரத்தி வந்தார். சாலை வரை ஓடினோம். அங்கே என் முதுகில் முதல் அடி விழுந்தபோது, பின்னால் குன்றும் விழுந்தது. பின்சுவரை உடைத்து நடுக்கூடத்தில் இடுப்பளவு மண் உட்கார்ந்தது.

அக்கா கரண்டியால் கல்லைச் சுரண்டினார். பிறகு கருகிய தோசையைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

மறுநாள் வாஸ்துக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். பழக்க தோஷம், திசைகாட்டியை எடுத்துவிட்டார். "இப்ப ஈசானியம் தாழ்வா வந்துகீது..." என்று ஆரம்பித்தார்.

அக்கா ஒரு பாண்டுச் சட்டி நிறைய மண்ணை அள்ளி அவர் தலையில் வைத்தார். "பாரத்தப் பத்தி உனக்குத்தான நல்லா தெரியும் நைனா. நட."

சாயங்காலம் வரை நடந்தார், வெள்ளை வேட்டி செம்மண்ணாக. நேராக நின்ற மூன்று சுவர்களுக்குள் அக்கா ஒற்றை அறை எழுப்பிக்கொண்டார். பின்பக்கத்தைப் புதருக்கே விட்டாயிற்று. காரைக் கன்றுகளை நான்தான் நட்டேன். ஒன்று கோணலாக இருக்கிறதென்று பிடுங்கித் திரும்ப நடச் சொன்னார்.