காலி விரிப்பில் ஓடிய கோடு

பட்டப்பகல்ல, ஆள் இருக்கிற வீட்டுல நடந்தது. பேய்னா ராத்திரிதான் வரணும்னு நினைக்கிறவங்க இப்பவே எழுந்து போயிடலாம். யாரையும் நம்பவைக்கணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்லை. கண்ணால பார்த்தேன், சொல்றேன்.

எங்க அக்காவுக்குக் குழந்தை ஏழாம் மாசத்துலயே பிறந்துடுச்சு. உருவத்தைப் பார்த்து நாங்க வச்ச பேர் சுண்டெலி. தூங்கும்போது திடீர்னு மூச்சு நின்னுடும். ஆஸ்பத்திரியிலேயே ரெண்டு தடவை. யாராவது தட்டி எழுப்பலைன்னா பையன் நமக்கில்லை.

நான் வேலை பார்க்கிறது ஒரு செராமிக் லேப்ல. தலைமுடியை நூறா கிழிச்ச மாதிரி மெல்லிசா பேரியம் டைட்டனேட்ங்கிற பீங்கான் இழை இழுத்து, உலையில சுட்டு, மைக்ராஸ்கோப்ல பார்க்கிறதுதான் பொழப்பு. அந்த இழையை அழுத்தினா துளி மின்சாரம் வரும். அதை ரப்பர் ஷீட்டுக்குள்ள பதிச்சு, சுண்டெலிக்குன்னு ஒரே மாதிரி ரெண்டு விரிப்பு செஞ்சேன். அவன் மூச்சு விட விட லேப்டாப்ல கோடு ஏறி இறங்கும். கோடு படுத்துடுச்சுன்னா அலாரம் கத்தும்.

சனிக்கிழமை மத்தியானம் அதுல ஒண்ணை எடுத்துட்டுப் போய் அவன் கட்டில்ல விரிச்சேன். கோடு அழகா ஓடுச்சு. அக்கா என் கன்னத்தைக் கிள்ளினா.

மூணே காலுக்குப் பையன் நனைச்சுட்டான். அக்கா துணி மாத்தி, தோள்ல போட்டுக்கிட்டு சோபாவுல உட்கார்ந்தா. அப்படியே தூங்கிட்டான்.

நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

கோடு ஓடிட்டே இருந்துச்சு.

ஏறி... இறங்கி... ஏறி... இறங்கி...

கட்டில் காலி.

ஃபேனை நிறுத்தினேன். ஓடுச்சு. சார்ஜரைப் பிடுங்கினேன். ஓடுச்சு. விரிப்பையே உருவித் தரையில போட்டேன். அப்பவும்... ஏறி... இறங்கி...

காலி விரிப்பே மூச்சு விட்டா, பையனுக்கு மூச்சு நிக்கும்போது அலாரம் எப்படிக் கத்தும்?

"என்னடி, மூஞ்சி வெளிறிப் போச்சு?"

"இது வேணாம்க்கா. தூக்கிப் போட்டுடறேன்."

ஒயரைக் கழட்டக் குனிஞ்சேன். கை இன்னும் படலை.

கோடு படுத்துடுச்சு.

கீ... கீ... கீ...

"அதை அமுக்கித் தொலை! பிள்ளை முழிச்சுக்கப் போறான்!"

திரும்பினேன்.

அவ தோள்ல சுண்டெலி...

உதடு நீலம்.

உள்ளங்கால்ல சுண்டினேன்.

இன்னொரு தடவை...

வீல்னு கத்தினான்!

லேப்டாப்ல கோடு மறுபடி ஏறுச்சு.

திங்கட்கிழமை லேப்ல சொன்னேன். உலையைப் பார்த்துக்கற அண்ணன் எப்பவும் என்னைக் கிண்டல் பண்ற ஆள். அன்னிக்குச் சிரிக்கலை. அலமாரியைத் திறந்து, அச்சு அசலா அதே மாதிரி ஒரு விரிப்பை மேசையில வச்சார்.

"நான் வோல்ட்டேஜ் ஏத்தினது இதும்மா. நீ மாத்தி எடுத்துட்டுப் போயிட்டே."

சுட்டு எடுத்த இழைக்குப் பெரிய வோல்ட்டேஜ் கொடுத்தாதான் அதுக்கு உணர்ச்சியே வரும். அதுவரைக்கும் வெறும் ஓடு. யானை ஏறி நின்னாலும் கோடு அசையாது.

நல்ல விரிப்பை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவ கை நீட்டவே இல்லை. பழைய விரிப்பைப் பையனுக்கு அடியில இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டா.

"அது யாரா இருந்தா எனக்கென்னடி? இங்கேயே இருக்கட்டும்."