சிம்பாங்கில் திரும்பாத பஸ்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரனுக்கு முடியிறக்க, தம்பின் ஊரைத் தாண்டி இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு இரண்டு வீட்டு ஆட்களும் முப்பது பேராக என் பஸ்ஸில் போயிருந்தோம். திரும்பும் வழியில், பெடாஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் செய்த காரியம் இது.

நான் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். படிப்பு மூன்றாம் வகுப்பு. பதினான்கு வயதில் லோரியில் கிளீனராக ஏறினேன். இன்று தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஐந்து என் பெயரில் ஓடுகிறது. பாரோயில் சொந்த வீடு. யாரும் தூக்கிவிடவில்லை, எல்லாம் என் கை உழைப்பு. ஆனால் சொந்தபந்தம் எனக்கு போன் செய்வது பஸ்ஸுக்காக அல்ல. ஜோகூர் போகிறோம், ஈப்போ போகிறோம், எங்கே சாப்பிடலாம் என்று கேட்கத்தான். பளபளவென்று படம் போட்ட கடைக்கு நான் ஆள் அனுப்ப மாட்டேன். கடைக்காரர் தன் கடைச் சோற்றையே சாப்பிடுகிறாரா என்று பார்ப்பேன். இருபது வகை அடுக்கி வைக்கிற கடையைவிட, மூன்றே வகை சமைத்து இரண்டு மணிக்குள் சட்டியைக் கழுவுகிற கடைதான் கடை. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள்.

என் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுப் பிள்ளை. அவர் அப்பா விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் வாசித்தவர். என் அப்பா வரிசையில் நின்று கை தூக்கியவர். சம்பந்தி அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று மம்பாவில் இருக்கிறார். ஆயுசு முழுக்க டிபன் கேரியரில் சாப்பிட்ட மனிதர். அவர் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "சம்பந்தி, நீங்க பொறந்த தோட்டத்துலயே ஒரு அம்மா சமைக்கிறாங்க. சிலி பாடி மொளகா போட்ட கோழி. இத்தன நாளா எங்ககிட்ட மறைச்சுட்டீங்களே" என்றார்.

மகளும் மருமகனும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. தாய்லாந்து எல்லைவரை கடை சொல்கிறவன் நான். ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் நான் கால் வைத்து இருபது வருடம் ஆகியிருந்தது.

கோயிலுக்குப் போகும் நாளன்று மதியச் சாப்பாட்டுக்கு அவரே போய் அந்த அம்மாவிடம் முப்பது பேருக்குச் சொல்லி வைத்தார். பஸ் என்னுடையது என்பதால், கிளம்பும்போது போன் செய்யும் வேலையை என்னிடம் விட்டார்.

நான் போன் செய்யவில்லை. வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நாலு அடி நடந்து திரும்பி வந்து, "கடை இல்லையாம் லா. அவங்க சொந்தத்துல யாரோ தவறிட்டாங்களாம்" என்றேன். நாக்கு கூசவில்லை. தோட்டத்துக்குப் பிரியும் சிம்பாங் வந்தபோது டிரைவரை நேரே போகச் சொன்னேன். பெடாஸில் எனக்குத் தெரிந்த கடையில் எல்லோரையும் இறக்கினேன்.

எல்லோரும் என்னைப் புகழ்ந்துகொண்டே சாப்பிட்டார்கள். சம்பந்தி மட்டும் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். "பாவம், நேத்து பேசுறப்பகூட தேங்கா துருவிட்டு இருக்கேன்னாங்க. துக்கத்த போன்ல கேக்கக்கூடாது. நாளைக்கு நாம ரெண்டு பேரும் நேர்ல போயிட்டு வந்துருவோம்" என்றார்.

 எல்லோரையும் வீட்டில் விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். நல்ல எண்ணத்தில் போகவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்து, அவர் வருவதற்குள் முந்திக்கொள்ளத்தான் போனேன்.

மணி நாலு இருக்கும். ரப்பர் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான பழைய லயத்தை ஒட்டி ஒரு தகரக் கூரை, நாலு மேசை. ஐம்பது வயது அம்மா ஒருவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் நின்றதும் எழுந்து வந்தார்.

"அண்ணே, தம்பின்லேருந்து வர்ற வழியில பஸ்சு ஏதாச்சும் அடிபட்டு நின்னுச்சா? சின்னப் புள்ளைக்கு முடி எறக்கிட்டு வர்றவங்க. அந்த ஐயாவுக்கு போன் அடிச்சேன், அடைச்சு வச்சிருக்கு. எனக்கு பயமா இருக்கு."

பார்க்கவில்லை என்றேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டு வைத்தார். தேங்காய்ப் பாலில் மஞ்சள் இலை மணக்க, காரம் மெதுவாக ஏறும் கோழி. அதைவிட நல்ல கோழியை நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. குறை கண்டுபிடிக்க இன்னொரு துண்டு கேட்டேன்.

அப்போது அவர் ஒரு சின்னப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "அந்தப் புள்ளைக்குக் காரமில்லாம பருப்புத் தனியா வச்சேன். கெட்டுறும் போல."

அந்தப் பிள்ளை என் பேரன். கையில் இருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பருப்புப் பாத்திரத்தை மூடிவிட்டு, "யாரு செத்துட்டதா சொன்னீங்க?" என்று கேட்டார்.

"சொந்தத்துல யாரோன்னு."

"எனக்குச் சொந்தம்னு இருக்கிறது ஒரே ஒரு அக்கா" என்றார்.

பிறகு சட்டிகளைக் காட்டி, "தூக்குங்க" என்றார். காரில் ஏற்றி, லயம் லயமாகப் போய், செம்பனை வெட்டும் வங்காளதேசத்து ஆட்களுக்கு நானே அள்ளிப் போட்டேன். நான் பஸ் முதலாளி என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஒருவன், இன்னும் கொஞ்சம் குழம்பு என்று தட்டை நீட்டினான்.

கடைசியில் மிஞ்சிய கோழியை அவர் ஒரு டப்பாவில் போட்டு, "அந்த ஐயாகிட்ட குடுங்க. துக்கம் கேக்க வரவேணாம்னு நீங்களே சொல்லிருங்க" என்றார்.

மம்பாவுக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சம்பந்தி டப்பாவைத் திறந்து, நின்றபடியே ஒரு துண்டு தின்றார். "நீங்க சாப்பிட்டீங்களா? எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச எந்தக் கடையும் இதுக்குப் பக்கத்துல நிக்காது சம்பந்தி" என்றேன். அதைச் சொல்வதற்கு, ஐந்து பஸ் வாங்கப் பட்ட பாட்டைவிட அதிகம் பட்டேன்.

இப்போது யார் கேட்டாலும் அந்தக் கடையைத்தான் முதலில் சொல்கிறேன். கண்டுபிடித்தது சம்பந்தி என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சொல்லும்போது இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது, ஆனால் வராத பஸ்ஸுக்காக ஒருத்தி ரோட்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்ததும் என் பொறாமையால்தான் என்பதை அந்த எரிச்சல் ஒவ்வொரு முறையும் எனக்கு ஞாபகப்படுத்திவிடுகிறது.