கிருஷ்ணப்பன் கத்திய ஒரு வார்த்தை

கம்பைநல்லூரில் கிருஷ்ணப்பனை எல்லோரும் டிரைவரண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இட்லிக் கடை கண்ணம்மாள் மட்டும் அவரை ஒருநாளும் அண்ணன் என்றதில்லை. அதைக் கவனித்து எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். அவருக்கு நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு முப்பத்தைந்து, புருஷன் செத்து ஏழு வருஷம். கேலி பேச எங்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அவரிடம் வெள்ளைக்காரன் காலத்துப் பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. புளி ஏற்றிக்கொண்டு சேலம் போவார், உப்பு மூட்டையோடு திரும்புவார். கிளீனர் கிடையாது. என் பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி அதிலேயே படுத்துக்கொள்வார். ஊர் ஓசூர்ப் பக்கம், தாய்மொழி கன்னடம். வந்த புதிதில் அவர் பேசிய தமிழைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில், மனுஷன் ஒரே வருஷத்தில் எங்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு யாராவது கன்னடத்தில் பேசினால்கூட அவரிடமிருந்து தமிழில்தான் பதில் வரும். அதில் அவருக்கு அப்படியொரு வீம்பு.

எழுபத்தொன்றில் ஒருநாள், தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் தேங்கி நின்றபோது அவர் வண்டியின் ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்துவிட்டது. மற்ற வண்டிகளில் கிளீனர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பான். இவருக்கு யார் வைப்பது? பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் போய் இடிக்கும். பிரேக்கை மிதித்தபடியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"எனக்குன்னு ஒரு ஆளு இல்லீங்கறது அன்னிக்குத்தானுங்க உறைச்சுது" என்றார் என்னிடம். கேபிளை மாற்றி முடித்ததும் கண்ணம்மாளிடம் ஒரு விஷயம் கேட்கப்போவதாகவும் சொன்னார். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரியவேண்டுமா?

தர்மபுரிக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்து அவரே மாட்டினார். அளவாக இறுக்குவதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக் லிவரை இழுத்து இழுத்து விடவேண்டும், இன்னொருவர் அடியில் படுத்து நட்டைத் திருகவேண்டும். என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அவர் கண்ணம்மாளைக் கூப்பிட்டார். கடைத்தெருவே பார்க்க அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இழுங்க என்றபோது இழுத்தாள், விடுங்க என்றபோது விட்டாள்.

நாலாவது தடவை அவருடைய விரல் கேபிளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. ஏதோ கத்தினார். நான் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்ததால் எனக்கு அலறல் மட்டும்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணம்மாள் இரண்டு கையாலும் லிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிரித்து லிவரைத் தள்ளுவதற்குள் மோதிர விரலில் இரண்டு கணு போய்விட்டது.

"பிடி பிடின்னுதானுங்க கத்துனாரு" என்றாள் அவள்.

யாரும் நம்பவில்லை. விரல் மாட்டியவன் எவனாவது பிடி என்பானா? நானும்தான் அப்படிக் கேட்டேன். எல்லோரும் கிருஷ்ணப்பனைப் பார்த்தோம். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஞாபகம் இல்லாமல் என்ன? வலியில் வாயில் வந்தது கன்னடம். அதில் விடு என்பதை மரியாதையாகச் சொன்னால் 'பிடி'. உயிர் போகிற வலியிலும் மனுஷன் அவளுக்கு மரியாதை கொடுத்திருக்கிறார். அதை எங்களிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் மறுபடியும் சிரிப்போம் என்று பயந்தாராம். சிரித்திருப்போம்தான். ஆனாலும் அதற்காக அவர் வாயை மூடிக்கொண்டது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிரேக்கை மறுவாரம் நான்தான் முடித்துக் கொடுத்தேன். கண்ணம்மாளுக்குப் பொய்க்காரி, ராசியில்லாதவள் என்று பெயர் ஆயிற்று. கடைக்கு ஆள் வருவது குறைந்தது. கிருஷ்ணப்பன் மட்டும் தினமும் போய் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வருவார். எட்டு மாதம் இப்படியே போனது. பிறகு அவள் கடையை மூடிவிட்டு நல்லம்பள்ளியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் வந்து நடந்ததையெல்லாம் சொல்லி அழுதார். எனக்கு வந்த கோபத்தில், என்னிடம் அழுது என்ன பிரயோஜனம், அவளிடம் போய்ச் சொல்லுங்கள் என்று விரட்டினேன். மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மத்தியானமே திரும்பிவிட்டார்.

கண்ணம்மாள் அவரை உள்ளே கூப்பிட்டு, பாய் போட்டு உட்காரவைத்திருக்கிறாள். நிலக்கடலை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர் சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள்.

"அது எனக்கு அடுத்த வாரமே தெரியுமுங்க. ஓசூர் லாரிக்காரரு ஒருத்தரு சாப்புட வந்தப்ப, கன்னடத்துல பிடின்னா என்னன்னு கேட்டுக்கிட்டேன். நீங்களா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் எட்டு மாசம் கடையைத் தொறந்து வச்சிருந்தேன்."

கேட்கப்போன விஷயத்தை அதற்கு மேல் எந்த வாயால் கேட்பது என்றார் என்னிடம்.