நூலகத்தின் முன்வாசல்

பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரின் நூலகம் ஒரு காலத்தில் காபித் தோட்ட முதலாளியின் பங்களா. கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, கால் வைத்தால் முனகும் பலகைத் தரை. பெரிய அறையில் குளிர்காய ஒரு கணப்படுப்பு உண்டு. அதற்குள் பழைய வார இதழ்களை அடுக்கியிருந்தார்கள். முன்புறம் கல்தூண்கள் தாங்கிய போர்ட்டிகோவும் அகலமான படிகளும். பின்புறம் சமையலறைக்குப் போகும் குட்டை வாசல். பெரியவர்கள் குனிந்துதான் நுழைய முடியும். முதலாளியின் வாரிசுகள் மதுரையில் குடியேறியதும் பங்களாவை ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மாதான் அங்கே நூலகர். நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழையில் போர்ட்டிகோவின் தூண் ஒன்று சாய்ந்தது. பார்க்க வந்த இன்ஜினியர் தன்மையான மனிதர்.

"முன்பக்கத்தைப் பூட்டிருங்கம்மா. பின்வாசல் நல்லாத்தானே கெடக்கு? சரியாகுற வரைக்கும் எல்லாரும் அது வழியா வந்து போகட்டும்" என்றார்.

"அது வேணாங்க சார். தூணைச் சரி பண்ற வரைக்கும் மொத்தமாப் பூட்டிருவோம்" என்றாள் அம்மா.

"ஒரு வாசலுக்காகவா?"

"ஆமாங்க."

நூலகம் பூட்டப்பட்டது. பேப்பர் படிக்க வருபவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து அம்மாவை ஏசினார்கள். பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்த அண்ணன்மார் மேலிடத்துக்கு மனு எழுதினார்கள். எனக்கும் கோபம்தான், பாதி படித்த கதைப் புத்தகம் உள்ளே மாட்டிக்கொண்டது.

"வேற ஊருக்கு மாத்திட்டா என்ன செய்வே?" என்று அப்பா கேட்டார்.

"மாத்தட்டும். அதுவரைக்கும் என் சோலியப் பாக்குறேன்" என்றாள் அம்மா.

அப்படியே செய்தாள். வெள்ளனே எழுந்து, பூட்டுமுன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த புத்தகங்களைப் பை நிறைய எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்தாள். ஏசியவர்கள் வீட்டுக்கும் போனாள். மிச்ச நேரத்தில் பேரூராட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தோ என்னவோ, தை பிறந்ததும் கொத்தனார்களை அனுப்பினார்கள். சாய்ந்த தூணைப் பிரித்து, அதே கற்களால் நிமிர்த்திக் கட்டினார்கள். மாற்றல் உத்தரவு வரவில்லை.

நூலகம் மறுபடி திறந்த அன்று அம்மா தன் அண்ணனை வரச் சொல்லியிருந்தாள். மாமா பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். சிறு வயதில் அவரும் அம்மாவும் அந்தப் பங்களாவுக்கு விறகு சுமந்தவர்கள். விறகுக்கட்டோடு அம்மா ஓடையில் விழுந்த கதையை இருவரும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். விறகை எந்த வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மாமா சலவைச் சட்டை போட்டு வந்தார். கேட்டைத் தாண்டியதும், கூட்டம் நின்ற முன்வாசலுக்கு வராமல், சுவரோரமாகப் பின்பக்கம் நடக்கத் தொடங்கினார். நான் ஓடிப்போய், "மாமா, வாசல் இந்தப் பக்கம்" என்றேன்.

"தெரியும்த்தா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

அம்மா படியிறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள். "வாண்ணே" என்று மட்டும் சொன்னாள். இருவரும் மெதுவாகப் படியேறினார்கள். போர்ட்டிகோவுக்குள் கால் வைக்குமுன் மாமா தயங்கி, தூண்களை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

தூண் திரும்பச் சாய்ந்துவிடுமோ என்று பயப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். "பயப்படாம வாங்க மாமா, நல்லாக் கட்டியிருக்காங்க. விழாது" என்று தைரியம் சொன்னேன்.