ஓர் ‘ஆம்’ விட்டுப்போன செய்தி

எங்கள் இதழியல் வகுப்பில் அவளுக்கு ‘இட் சீம்ஸ்’ என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அமைச்சர் வரவில்லையாம், தண்ணீர் வராதாம் என்று தமிழில் யோசிப்பாள். அந்த ‘ஆம்’ இருக்கிறதே, அதை இங்கிலீஷில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வாக்கியத்தின் வாலில் ஓர் ‘இட் சீம்ஸ்’ ஒட்டிவிடுவாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்தவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே தமிழில் யோசித்து இங்கிலீஷில் தடுமாறுகிறவர்கள்தான்.

பள்ளி முழுக்கத் தமிழில் படித்தவள் அவள். அப்பா தையல்கடையில் காஜா எடுப்பவர். மகள் இங்கிலீஷ் பேப்பரில் எழுதப்போகிறாள் என்று சட்டை தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பெருமை அவளை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. பஸ்ஸில் போகும்போதும் கடைப் பலகைகளை வாய்க்குள் இங்கிலீஷாக்கிக்கொண்டே வருவாள். பக்கத்தில் உட்காரும் எனக்கே மூச்சு முட்டும்.

கடைசி ஆண்டில் எங்கள் இருவரையும் ஓர் இங்கிலீஷ் நாளிதழுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு படிப்பவர். அவளுடைய ‘இட் சீம்ஸ்’களையெல்லாம் சிவப்பு மையால் சுழித்து, அறை முழுக்கக் கேட்கும்படி, “யாருக்கும்மா சீம்ஸ்? உனக்கா, எனக்கா?” என்றார். அவள் முகம் செத்துவிட்டது. அந்த இடத்தில் யார் சொன்னது என்று எழுத வேண்டும் என ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருந்தால் அவர் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? வெட்டு என்றார், வெட்டினாள். அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு நகரப் பேருந்து மருந்துக்கடைச் சுவரில் மோதியது. உயிருக்குச் சேதமில்லை. டிரைவருக்கு மட்டும் நெற்றியில் காயம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இவள் ஓடிப்போய்க் கூட்டத்தில் விசாரித்தாள். குடிச்சிருந்தாராம் என்று ஒருவர் சொல்ல, ஆமாம், குடிச்சிருந்தாராம் என்று இன்னொருவர் சொன்னார். திரும்பி வந்து நகத்தைக் கடித்துக்கொண்டே எழுதினாள். தலையில் ‘குடித்திருந்தாராம்’ என்றுதான் ஓடியிருக்கும். ‘ஆம்’ வந்த இடத்தில் சிவப்பு மை ஞாபகம் வந்திருக்கும். டிரைவர் குடித்திருந்தார் என்று இங்கிலீஷில் சுத்தமாக எழுதி முடித்தாள். ஆசிரியர் படித்துவிட்டு, இப்போதுதான் இங்கிலீஷ் மாதிரி இருக்கிறது என்றார். பஸ் எண்ணோடு அச்சாகிவிட்டது. அப்பா அதை வெட்டித் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டினார்.

மறுபடி எழுத ஏதாவது கிடைக்குமா என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் இடி விழுந்தது. டிரைவருக்குத் தையல் போட்ட நர்ஸ் இவளைப் பிடித்துக்கொண்டார். “அவர் வாய்கிட்ட முகத்தை வெச்சுக்கிட்டுத்தான் தையல் போட்டேன். குடிச்ச வாடையே இல்ல. பிரேக் புடிக்கலன்னு அவர் புலம்பிக்கிட்டே இருந்தாரு. எந்தப் புண்ணியவான் இப்படி எழுதினான்?” புண்ணியவதி அங்கிருந்து நேராக டிப்போவுக்கு ஓடினாள். டிப்போவில் அந்த டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். காரணம் பேப்பர்ச் செய்தி. சோதனை, விசாரணை ஒன்றும் இல்லை.

திருத்தம் போடுங்கள் என்று ஆசிரியரிடம் போய் நின்றாள். மறுப்பு வந்தால் பார்க்கலாம், நாமே போய்க் குழியில் விழுவானேன் என்றார். பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது தாம்தான் என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைத்தார். இவளுக்கு நாற்காலி முள்ளாகக் குத்தியது. உட்காருவாள், எழுவாள், தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் வருவாள். கடைசியில், “வா, அவங்க வீட்டுக்குப் போலாம்” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஒற்றை அறை வீடு. டிரைவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருடைய மனைவிதான் பேசினார். பேப்பரை மடித்து வைத்திருந்தார். இங்கிலீஷ் தெரியாதாம், ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்களாம், நீங்கள் படித்தவர்கள்தானே என்று அதை இவளிடமே நீட்டினார். இவள் தன் செய்தியைத் தானே வரிவரியாகத் தமிழில் சொன்னாள்.

“குடிச்சிருந்தாருன்னு யார் சொன்னதா போட்டிருக்கு?”

“யார் சொன்னதாவும் போடலைக்கா. நான்தான் சொல்லியிருக்கேன். இத எழுதினது நான்.”

அந்த அம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “நீ பாத்தியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லக்கா. சொன்னாங்க. சொன்னாங்கங்கறத விட்டுட்டேன்.” சான்றிதழ் போனால் போகட்டும், இப்போதே உங்களோடு டிப்போவுக்கு வந்து அதிகாரியிடம் இதையே சொல்கிறேன் என்றாள்.

டிரைவர் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அந்த அம்மா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். வாசலில் ஏதோ தோன்றியவர்போல நின்றார்.

“அங்க வந்து இங்கிலீஷ்லயே சொல்லும்மா. குடிக்கலன்னு இவரு தமிழ்லதான் சொல்லிட்டு வந்தாரு.”